மாட்டுக்கறி கம்பியில் சுட்டால் ரப்பராகிறது, வெங்காயம் வேகவில்லை. என்ன தவறு செய்கிறேன்?

கேள்வி (ஆம்பூர் மருமகள்)

வரும் ஞாயிறு தம்பி குடும்பத்தோடு வருகிறான். வெயில் தாழ்ந்ததும் மொட்டைமாடியில் கரி அடுப்பு போட்டு, மாட்டுக்கறியும் வெங்காயமும் கம்பியில் கோத்துச் சுட்டுக் கொடுக்க ஆசை. இரண்டு முறை முயன்றும் சரியாக வரவில்லை.

முதல் முறை 1 கிலோ எலும்பில்லாத கறியை தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், எலுமிச்சை, உப்பு, ஒரு கரண்டி சர்க்கரை போட்டு 3 மணி நேரம் ஊறவைத்தேன். வெளியே கருகியது, உள்ளே மெல்ல முடியவில்லை. வெங்காயம் பச்சையாகவே இருந்தது, பாதி இதழ்கள் தணலில் விழுந்துவிட்டன. அடுத்த முறை பப்பாளிக்காய் அரைத்துப் போட்டு இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தேன். கறி கொழகொழவென்று ஆகி, கம்பியில் நிற்கவே இல்லை.

பதில் (கரியடுப்பு)

கடையில் எந்த இடத்துக் கறி கேட்டு வாங்கினீர்கள் சகோதரி? அதைச் சொன்னால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஆம்பூர் மருமகள்

தொடைக்கறிதான் அண்ணா. எலும்பில்லாமல் வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

கரியடுப்பு

அதுதான் காரணம். தொடையிலும் காலிலும் இருப்பது நிறைய உழைத்த தசை. அதில் உள்ள சவ்வு தண்ணீரில் மணிக்கணக்கில் வெந்தால்தான் இளகும், குழம்புக்கு அருமையான கறி. பத்து நிமிட நெருப்பில் அது இன்னும் இறுகத்தான் செய்யும். "அண்டர்கட்" என்று கேளுங்கள். முதுகெலும்பின் உட்பக்கம் இருக்கும் மெத்தென்ற கறி அது. விலை கூடுதல், ஆனால் இந்தச் சமையலுக்கு அதுதான் பொருத்தம். நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டச் சொல்லுங்கள்.

சர்க்கரையை விட்டுவிடுங்கள், கறி வேகும் முன்பே அது கருகிவிடும். கோக்கும்போது ஒட்டியிருக்கும் மசாலாவை வழித்துவிட்டு, மேலே கொஞ்சம் எண்ணெய் தடவினால் போதும். கரியில் தீ எரியும்போது கம்பியை வைக்காதீர்கள். கரி மேல் சாம்பல் பூத்து, உள்ளே சிவந்திருக்கும்போதுதான் வைக்க வேண்டும். தணலை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டால், கருகப் பார்க்கும் கம்பியை மறுபக்கம் நகர்த்தலாம்.

பதில் (வாணியம்பாடி அக்கா)

பப்பாளிக்காய்மேல் தவறு இல்லைம்மா, நேரம்தான் தவறு. அதன் பால் கறியின் புரதத்தை அறுக்கும். ஃபிரிட்ஜிலும் மெதுவாக அறுத்துக்கொண்டேதான் இருக்கும், அடுப்பில் சூடு ஏறும்போது இன்னும் வேகமாக வேலை செய்யும். அண்டர்கட் என்றால் பப்பாளியே வேண்டாம். தொடைக்கறிதான் கிடைத்தது என்றால், கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு மணி நேரம், அவ்வளவுதான். தயிர் மசாலா மட்டும் என்றால் 5, 6 மணி நேரம் தாராளமாக ஊறட்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகக் கேள்: இந்தக் கத்திரி வெயிலில் ஊறும் கறியை வெளியே வைக்காதே, ஃபிரிட்ஜில்தான் ஊற வேண்டும். பச்சைக்கறி ஊறிய மசாலாவைச் சுட்ட கறிமேல் தடவவும் கூடாது. தடவ வேண்டுமானால் முன்பே தனியாக எடுத்து வை.

வெங்காயத்துக்கு என் வழி சின்ன வெங்காயம். தோலுரித்து, அடிக்காம்பை வெட்டாமல் முழுதாக, கொதிக்கும் தண்ணீரில் 2 நிமிடம் போட்டு எடுத்துத் தனிக் கம்பியில் கோத்துவிடு. கறிக்கும் வெங்காயத்துக்கும் வேகும் நேரம் வேறு, ஒரே கம்பியில் இருந்தால் எப்படியும் ஒன்று கெடும். இலையில் கலந்து பரிமாறினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆம்பூர் மருமகள்

அக்கா, என்னிடம் மூங்கில் குச்சிதான் இருக்கிறது. அப்புறம், வெந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கரியடுப்பு

குச்சியை அரை மணி நேரமாவது தண்ணீரில் ஊறப் போடுங்கள். தட்டையான இரும்புக் கம்பி கிடைத்தால் இன்னும் நல்லது, திருப்பும்போது துண்டு சுழலாது. வெப்பமானி இருந்தால் துண்டின் நடுவில் குத்திப் பாருங்கள். முழுத்துண்டு மாட்டுக்கறிக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு 63 டிகிரி செல்சியஸ், பிறகு 3 நிமிடம் ஆறவிட வேண்டும். எங்கள் வீட்டில் சிவப்பு தெரிந்தால் சாப்பிட மாட்டார்கள், அதனால் 70 வரை விடுவோம். அதற்கு மேல் போனால் அண்டர்கட்டும் இறுகிவிடும்.

மழை வந்தாலும் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். அந்தப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

ஆம்பூர் மருமகள் (ஞாயிறு இரவு)

அண்டர்கட் அரைக் கிலோதான் கிடைத்தது. மீதிக்குத் தொடைக்கறி வாங்கி, அக்கா சொன்னபடி ஒரு மணி நேரம் பப்பாளி போட்டேன். இரண்டும் மெத்தென்று வந்தன. தொடைக்கறியில் கொஞ்சம் நார் தெரிந்தது, ஆனால் ரப்பர் இல்லை. முதலில் தீர்ந்தது சின்ன வெங்காயம்தான், தம்பி பிள்ளைகள் கம்பியோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த முறை வெங்காயத்தை இரண்டு மடங்கு போட வேண்டும். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.