என் தம்பிக்கு விரலில் குத்திச் சர்க்கரை அளக்கப் பழக்குவது எப்படி?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ள என் தம்பிக்கு இப்போது வயது 32. சென்ற ஆண்டு சர்க்கரை நோய் தெரியவந்ததிலிருந்து காலையும் இரவும் இன்சுலின் போடுகிறோம். அளப்பதற்காக விரலைத் தொட்டாலே கையை இழுத்துக்கொள்கிறான். பிடித்துவைத்துக் குத்த எனக்கு மனம் வரவில்லை.

பதில் 1 (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
பிடித்துவைக்காதீர்கள், அம்மா, அந்தப் பயம் எளிதில் போகாது. என் மகளுக்குக் கருவியை ஊசியில்லாமல் விளையாடக் கொடுத்து, நான் என் விரலில் தனி ஊசியால் குத்திக்கொள்வதைப் பல நாள் பார்க்கவிட்டேன். பின்னர் எந்த விரல் என்பதை அவளே காட்டினாள். நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. கை கழுவுதல், அளத்தல், இன்சுலின் ஊசி, இட்லி என்று வரிசையாகப் படங்களைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

பதில் 2 (செவிலியர், திருப்பாதிரிப்புலியூர்):
சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் நடுக்கம், வியர்வை, சிடுசிடுப்பு உண்டாகும். சொல்லத் தெரியாதவர்களிடம் அதைப் பிடிவாதம் என்று எண்ணிக் கண்டித்துவிடுகிறோம் என்பதே என் பெரிய கவலை. உடனே அளந்து, குறைவாக இருந்தால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். ஓலான்சபின் போன்ற மனநல மருந்துகள் சர்க்கரையைக் கூட்டக்கூடும். அப்படி ஏதேனும் உட்கொண்டால் மருத்துவரிடம் தெரிவியுங்கள், தாமாக நிறுத்த வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி. சில மாலைகளில் அவன் காரணமின்றி அழுவான். இனி அப்போது முதலில் அளந்து பார்க்கிறேன்.