கூடக் குதித்த அண்ணனுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி:
துபாயில் எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் பக்கத்து மேசை அண்ணன், போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். ஆபீஸில் அதிர்ந்து பேசாதவர், சனிக்கிழமையானால் 13,000 அடியிலிருந்து பாராசூட்டோடு குதிப்பார். என்னையும் இழுத்துவிட்டவர் அவர்தான். முதல் தடவை விமானக் கதவருகே கால் நடுங்கியபோது, "வருஷக் கணக்கு முடிக்கிறதைவிட இது சுலபம் தம்பி" என்றார். 25 குதிப்பு முடித்து ஏ லைசென்ஸ் (தனியாகக் குதிப்பதற்கான முதல் உரிமம்) வாங்குகிறவர் மற்றவர்களுக்கு பியர் வாங்கித் தருவது வழக்கம். அண்ணன் லைசென்ஸ் வாங்கியபோது எல்லோருக்கும் கரக் டீ (இங்கே கிடைக்கும் மசாலாப் பால் டீ) வாங்கித் தந்தார்! அடுத்த மாதம் வருட நினைவு. என்ன செய்யலாம்?

பதில் 1:
நாலைந்து பேர் கைகோத்து வட்டமாக விழுங்கள். அவர் இடம் காலியாக இருக்கட்டும். ஆனால் பாராசூட் விரிக்கும் முன் கைவிட்டுப் பிரியும் உயரத்தைத் தரையிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குள் கண்ணீர் வந்தால் உயரமானி தெரியாது.

பதில் 2:
சரி, அவர் வீட்டுக்குப் போனீர்களா? வீடியோ இருந்தால் காட்டுங்கள்.

கேட்டவர்:
அண்ணி ஊரில் இருக்கிறார். இவர் குதிப்பதே அவருக்குத் தெரியாது. அவர் ஒவ்வொரு குதிப்பையும் எழுதிவைத்த லாக்புக் என்னிடம்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், "தம்பி இன்றைக்கும் மணலில் உட்கார்ந்துதான் இறங்கினான்" என்று எழுதியிருக்கிறார். லீவில் போகும்போது எடுத்துப் போகிறேன்.