மியூவான் வந்தால் மட்டும் எரிய வேண்டிய விளக்கு ஓயாமல் எரிகிறது, உதவுங்கள்

மின்மினி:
கண்காட்சிக்கு இன்னும் ஒன்பதே நாள். ஜெர்மன் கலைஞர் டிம் ஓட்டோ ரோத், அண்டார்டிகப் பனிக்குள் நியூட்ரினோ என்ற நுண்துகளைத் தேடும் ஐஸ்கியூப் ஆய்வகத்தின் தரவை ஒளிரும் ஒலிபெருக்கிகளாக்கியதைப் பார்த்து வந்த ஆசை இது. அவ்வளவு பெரிதாக இல்லை. விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் துகளான மியூவான் ஒன்று என் கருவியைத் துளைத்தால் எல்இடி பட்டை ஒரு தடவை மின்ன வேண்டும், மணி ஒன்று ஒலிக்க வேண்டும்.

10 × 10 செ.மீ. பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் (துகள் பட்டால் மினுங்கும் பொருள்) தகடு இரண்டு, கறுப்பு டேப் சுற்றியவை, ஒன்றன்மேல் ஒன்று, நடுவில் 10 செ.மீ. இடைவெளி. தகட்டுக்கு அந்த மினுக்கத்தை உணரும் ஒரு எஸ்ஐபிஎம் சென்சார், சிக்னல் ஒரு அளவைத் தாண்டினால் துடிப்பு தரும் ஒரு கம்பேரட்டர். இரண்டு கம்பேரட்டரும் நேராக ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகைக்கு. 10 மில்லிவினாடிக்குள் இரண்டிலும் சிக்னல் வந்தால் மியூவான் என்று புரோகிராமில் எழுதியிருக்கிறேன். நிமிடத்துக்கு 500 தாண்டுகிறது! மணியோசையா அது, தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருக்கிறது.

கம்பிவால்:
எல்இடி பட்டையைக் கழற்றிவிட்டு எண்ணிக்கையை மட்டும் பாருங்கள்.

மின்மினி:
300. மாட்டினால் மறுபடி 500.

கம்பிவால்:
அப்படியானால் உங்கள் விளக்கேதான் உங்கள் கருவியை ஏய்க்கிறது. எஸ்ஐபிஎம் ஒற்றை ஃபோட்டானையே, அதாவது ஒரே ஒரு ஒளித்துகளையே உணரும். கறுப்பு டேப்பில் ஊசிமுனை ஓட்டை போதும். இருட்டில் மொபைல் டார்ச்சை ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள், எண்ணிக்கை எகிறும் இடத்தில் ஓட்டை. பட்டைக்கும் சென்சாருக்கும் ஒரே பவர் சப்ளை என்றால் அதையும் பிரித்துவிடுங்கள். பட்டை மின்னும்போது வோல்டேஜ் துள்ளும்.

மின்மினி:
கேபிள் வெளியே வரும் மூலை! டேப் நூலளவு தூக்கிக்கொண்டிருந்தது. சப்ளையையும் பிரித்தாயிற்று. இப்போது பட்டையோடும் 300தான். இது சரியான எண்ணிக்கையா?

அரைநொடி:
இல்லை. கடல் மட்டத்தில் படுக்கையாக வைத்த தகட்டில் ஒரு சதுர செ.மீ.க்கு நிமிடத்துக்கு ஒரு மியூவான் என்பது தோராயக் கணக்கு. உங்கள் தகட்டுக்கு 100. சாய்வாக வருபவை ஒன்றைத் தொட்டு மற்றதைத் தவறவிடும், ஆக இரண்டையும் துளைப்பவை 30 சொச்சம். தகடு தனித்தனியாக வினாடிக்கு எத்தனை காட்டுகிறது?

மின்மினி:
தலா 15 போல.

அரைநொடி:
இரண்டு தகட்டின் எண்ணிக்கையையும் உங்கள் 10 மில்லிவினாடியையும் (0.01) பெருக்குங்கள்; எது முந்தினாலும் கணக்கு என்பதால் இரண்டாலும்: 2 × 15 × 15 × 0.01 = 4.5. அதாவது தொடர்பில்லாத இரண்டு சிக்னல் சேர்ந்துவிடும் தற்செயல் ஜோடி வினாடிக்கு நாலரை, நிமிடத்துக்கு 270. அதோடு உண்மையான 30 சேர்ந்தால் உங்கள் 300 வந்துவிட்டது. அந்த 15இல் பெரும்பகுதி சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் வரும் காமா கதிர்.

மியூவானுக்கு 10 செ.மீ. கடக்க ஒரு நானோவினாடிகூடத் தேவையில்லை. அதற்குப் போய் 10 மில்லிவினாடி காத்திருந்தால் வழியில் போகிறவர்கள் எல்லாம் உள்ளே வருவார்கள். புரோகிராமில் இதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு கம்பேரட்டர் துடிப்பையும் மோனோஸ்டேபிள் (துடிப்பைக் குறித்த நீளமாக்கும் சுற்று) வைத்து 1 மைக்ரோவினாடிக்கு நீட்டி, இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தால் மட்டும் சிக்னல் தரும் ஒரு ஆண்ட் கேட்டில் சேர்த்து, அதன் வெளியீட்டை மட்டும் ஆர்டுயினோவை உடனே எழுப்பும் இன்டரப்ட் முனைக்குக் கொடுங்கள். தற்செயல் ஜோடி ஒரு மணி நேரத்துக்கு ஒன்றிரண்டாகச் சுருங்கும்.

மின்மினி:
அரைநொடி அண்ணா, 31! கும்பிடுகிறேன். ஆனால் கூட வேலை செய்பவர் முகம் சுளிக்கிறார். ஏழு வினாடி ஒன்றுமே இல்லை, பிறகு மூன்று சேர்ந்து வருகிறது, பழுது என்று நினைப்பார்கள், சீராக்கு என்கிறார்.

கம்பிவால்:
சீராக்கினால் அது கடிகாரம். சராசரி இரண்டு வினாடிக்கு ஒன்று என்றால், ஆறு வினாடியைத் தாண்டும் மௌனம் சராசரியாக நிமிடத்துக்கு ஒரு தடவையாவது வரத்தான் செய்யும். மணி எப்போது தொடங்குவது என்பது மியூவான் கையிலேயே இருக்கட்டும். மணி தேய்ந்து அடங்கும் நேரத்தை வேண்டுமானால் நீட்டுங்கள்.

மின்மினி:
நாலு வினாடிக்கு நீட்டினேன். அடுத்தது வந்தால் முந்தைய மணியை வெட்டிவிடுகிறது.

அரைநொடி:
சவுண்ட் மாட்யூல் ஒரே குரலில் ஓடுகிறது, அதாவது ஒரு நேரத்தில் ஒரு மணியைத்தான் ஒலிக்கும். எட்டுக் குரல் கொடுங்கள், தாராளம்.