அசாகியாமா விலங்குக்காட்சிச் சாலையும் அதற்குப் போன ரயிலும்

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், அசாகியாமா விலங்குக்காட்சிச் சாலை இருக்கும் அசாகிகாவா நகரை டோக்கியோவிலிருந்து விமானத்தில் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் அடைந்துவிடலாம் என்றாலும், ஷிங்கன்சென் அதிவேக ரயிலில் ஏறிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையால் ஒரு பகல் முழுவதையும் பயணத்துக்கே ஒதுக்கினோம். உட்சுனோமியாவைக் கடந்ததும் வண்டி மணிக்கு 320 கி.மீ. வேகத்தை எட்டுகிறது, எதிர்வண்டி கடக்கும் நொடியில் சன்னல் ஒருமுறை அதிர்வதைத் தவிர, அந்த வேகம் உடம்புக்குத் தெரியவே இல்லை. மொரியோகாவில், எங்கள் பச்சை வண்டியோடு இணைந்து வந்த சிவப்பு வண்டி கழன்று அகிதாவை நோக்கிப் பிரிந்தது. கடலுக்கடியில் செல்லும் 53.85 கி.மீ. நீளமுள்ள செய்கான் சுரங்கத்தில் சரக்கு ரயில்களும் ஓடுவதால் அங்கே வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். அதிவேகப் பாதை ஹொக்கைடோவின் ஷின்-ஹகோடாடே-ஹொகுடோ நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் சாதாரண விரைவு வண்டிதான், சப்போரோவில் மாறி இரவில் போய்ச் சேர்ந்தோம்.

1967இல் திறக்கப்பட்ட அசாகியாமா, 1990களில் பார்வையாளர் குறைந்து மூடும் நிலைக்கே வந்ததாம். அரிய விலங்குகளை வாங்கப் பணமில்லாத நிலையில், இருக்கிற விலங்குகள் தம் இயல்புப்படி நீந்தவும் ஏறவும் தாவவும் ஏற்றவாறு கூடங்களை மாற்றிக் கட்டியதுதான் அதைக் காப்பாற்றியது. ஹொக்கைடோ கடலோரத்தில் சாதாரணமாகக் காணப்படும் புள்ளிக் கடல்நாய்களுக்கு, பார்வையாளர் நிற்கும் அறையின் நடுவே செங்குத்தான கண்ணாடிக் குழாய் ஒன்றை அமைத்திருக்கிறார்கள். கீழிருந்து ஒன்று நெட்டுக்குத்தாக மிதந்து எழுந்து, நாசித் துளைகளை இறுக மூடியபடி, என் முகத்துக்கு நேரே சற்று நின்று பார்த்துவிட்டு மேலே போயிற்று. மீசை மயிர்களைக்கூட எண்ணிவிடலாம் போலிருந்தது. பனிக்கரடிக் கூடத்தில் தரைக்கு மேலே துருத்தும் கண்ணாடிக் குமிழுக்குள் நாம் தலையை நீட்டும்போது, பனித்துளையில் தலைகாட்டும் கடல்நாயாகக் கரடி நம்மைக் காண்கிறது. வேடிக்கை பார்ப்பது யார் என்ற ஐயம் அங்கே எனக்கு உண்மையாகவே எழுந்தது. ஒராங்குட்டான்கள் 17 மீட்டர் உயரத்தில் கயிற்றைப் பிடித்துக் கடக்கும் கம்பங்கள் மட்டும், குளிர்காலமாதலால் வெறுமையாக நின்றன.

குளிர்காலத்தில் பென்குயின்களின் உடற்பயிற்சிக் குறையைப் போக்கத் தொடங்கிய நடைதான் எல்லோரும் காத்திருந்து பார்ப்பது. வேலி கிடையாது, பனியில் இழுத்த கோட்டுக்கு அப்பால் நாம் நிற்க வேண்டும், அவ்வளவே. பராமரிப்பாளர்கள் அவற்றை விரட்டுவதில்லை. முன்னால் செல்லும் அரச பென்குயின் ஏதோ யோசனையில் நின்றுவிட்டால் பின்னால் வருவனவும் நிற்கின்றன, கூட்டமும் பொறுமையாகக் காத்திருக்கிறது.

பூங்கா மலைச்சரிவில் இருப்பதால், வழுக்காத காலணி இல்லாமல் போக வேண்டாம். குளிர்காலத்தில் காலை 10.30 மணிக்குத் திறந்து மாலை 3.30 மணிக்கே மூடிவிடுகிறார்கள். அசாகிகாவா நிலையத்திலிருந்து பேருந்தில் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் கொண்டு, முதல் நாளே வந்து தங்கிவிடுவது நல்லது.