ரெஃபரன்ஸ் பட்டியலில் "பழனி" மறுபடி மறுபடி "பல்னி" ஆகிவிடுகிறது: ஜோட்டெரோ தெரிந்தவர்கள் உதவவும்

சோலைக்குருவி, பெருமாள்மலை

வணக்கம். மேல்மலைப் பக்கம் புல்வெளிகளில் வாட்டில் மரம் பரவுவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினேன். மதிப்பீட்டாளர் கைக்குப் போகும் முன்பே அலுவலகத்திலிருந்து திருப்பிவிட்டார்கள். மேற்கோள்களை எண் முறையிலிருந்து ஆசிரியர்–ஆண்டு முறைக்கு மாற்றுங்கள், ஊர்ப்பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டில் எழுதுங்கள் என்று இரண்டே வரி. பத்து நாள் கெடு. அதில் மூன்று நாள் போய்விட்டது.

மொத்தம் 64 ரெஃபரன்ஸ், எல்லாம் ஜோட்டெரோவில் (மேற்கோள்களைச் சேமித்து, கட்டுரையில் செருகித் தரும் மென்பொருள்) இருக்கின்றன. ஸ்டைலை மாற்றினேன். மாறியது, ஆனால் மாறின விதம்தான் வயிற்றைக் கலக்குகிறது. கடைசி விவாதப் பகுதியில் மட்டும் பழைய 17, 23 எல்லாம் அப்படியே நிற்கின்றன. ஓரிடத்தில் "(கே 2016)" என்று வருகிறது. மேத்யூவின் இரண்டு நூல்களுக்கு "கே.எம். மேத்யூ 1999", "கே. மேத்யூ 1991" என்று இனிஷியல் ஒட்டிக்கொண்டு வருகிறது, வேறு யாருக்கும் அப்படி வரவில்லை.

எல்லாவற்றையும்விட எரிச்சல் இதுதான்: "பல்னி", "புல்னி" என்று இருந்ததையெல்லாம் வேர்டில் ஒரே தட்டில் "பழனி" என்று மாற்றினேன். ரெஃப்ரெஷ் அழுத்தியதும் பட்டியலில் மட்டும் பழையது திரும்பி வந்துவிடுகிறது. மூன்று முறை மாற்றியாயிற்று. இதை எப்படி நிறுத்துவது? மழையில் சிக்னல் வந்து வந்து போகிறது, பதிலைச் சாயங்காலம்தான் பார்ப்பேன்.

தாண்டிக்குடிக்காரன்

முதலில் அந்த எண்களைப் பார்ப்போம். விவாதப் பகுதி மட்டும் வேறு யாருடைய கணினிக்காவது போய் வந்ததா? ஒரு எண்ணின் மேல் கிளிக் செய்து பாருங்கள். சாம்பல் நிறம் படிந்தால் உயிரோடு இருக்கிறது. படியாவிட்டால் அது வெறும் எழுத்து, ஜோட்டெரோவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சோலைக்குருவி

சாம்பல் வரவில்லை அண்ணா. அந்தப் பகுதியைக் கைடு தன் கணினியில் திருத்தினார். அவரிடம் லிப்ரே ஆபீஸ்தான். அதிலிருந்து நகலெடுத்து என் ஃபைலில் ஒட்டினேன்.

தாண்டிக்குடிக்காரன்

அதேதான். வேர்டு ஃபைலை லிப்ரே ஆபீஸில் திறந்து சேமித்தால் ஜோட்டெரோவின் இணைப்பு பெரும்பாலும் அறுந்துபோகும். அடுத்த முறை கைடுக்கு அனுப்பும் முன் ஜோட்டெரோவின் டாக்குமெண்ட் அமைப்புக்குள் போனால் "வேறு எழுதுமென்பொருளுக்கு மாறு" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி நகல் ஒன்றை அனுப்புங்கள். அவர் பக்கம் திறந்து ரெஃப்ரெஷ் செய்தால் போதும். திரும்பி வரும்போதும் அதே வழி.

இப்போதைக்குக் குறுக்குவழி கிடையாது. அறுந்த இடங்களில் எண்ணை அழித்துவிட்டு மேற்கோளை மறுபடி செருக வேண்டியதுதான். இதற்கு நெட் தேவையில்லை, உங்கள் நூலகம் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. சிக்னல் போன நேரத்தில் உட்கார்ந்து முடித்துவிடலாம். எந்த எண் எந்தக் கட்டுரை என்பதற்கு, முதலில் அனுப்பிய பழைய பிடிஎஃப்பைப் பக்கத்தில் திறந்து வையுங்கள்.

வத்தலக்குண்டு பஸ்

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? பட்டியலை அப்படியே ஏஐயிடம் கொடுத்து ஆசிரியர்–ஆண்டாக மாற்றித் தரச் சொன்னால் இரண்டு நிமிடம்.

தாண்டிக்குடிக்காரன்

நானும் அப்படித்தான் ஒருமுறை செய்தேன். அழகாகத்தான் தந்தது. நான் கொடுக்காத பக்க எண்களையும் சேர்த்துத் தந்தது. 64-ஐயும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆகும் நேரத்தில் வேலையே முடிந்துவிடும்.

பழைய நூலகர், ஊட்டி

தம்பி சொன்னது சரி. மற்ற மூன்றுக்கும் நான் வருகிறேன்.

அந்த "கே" யார் என்று பாருங்கள்மா. தமிழ்நாட்டுக்காரர் ஒருவராகத்தான் இருப்பார். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, கே. குமார் என்றால் குமார்தான் ஆள், கே என்பது அப்பா. பதிப்பகத்தின் படிவத்தில் "குமார்" முதல் பெட்டியிலும் "கே" குடும்பப்பெயர்ப் பெட்டியிலும் போய்விடும். டிஓஐ (கட்டுரையின் அடையாள எண்) கொடுத்து இழுக்கும்போது அதே தலைகீழ் அப்படியே ஜோட்டெரோவுக்கு வந்து சேரும். அந்தப் பதிவைத் திறந்து இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும். கட்டுரைக்குள் திருத்தாதீர்கள், அடுத்த ரெஃப்ரெஷில் கே மறுபடி உயிர்த்தெழுவார். இனிஷியலை விரித்து எழுதியிருந்தால் இன்னும் மோசம்: மகள் எழுதிய கட்டுரை அப்பா பெயரில் மேற்கோளாகும். அப்படி எத்தனையோ பார்த்துவிட்டேன். தமிழ்ப் பெயர் வருகிற ஒவ்வொரு பதிவையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

மேத்யூ கதையும் இதற்குத் தம்பிதான். ஒரு பதிவில் "கே.எம்.", இன்னொன்றில் "கே." மட்டும் இருக்கும். மென்பொருள் இரண்டு மேத்யூக்கள் என்று நினைத்து, வாசகர் குழம்பக் கூடாதே என்று இனிஷியலைப் போடுகிறது. இரண்டிலும் ஒரே மாதிரி எழுதுங்கள், தானாகப் போய்விடும்.

இப்போது பழனி. இதில் ஜோட்டெரோ பக்கம்தான் நியாயம். ஃபைசன் 1915-இல் தன் நூலுக்குப் பெயர் வைத்தபோது "புல்னி" என்றுதான் எழுதினார். மேத்யூ 1999-இல் "பல்னி" என்று எழுதினார். அவை அந்த நூல்களின் பெயர்கள். உங்களுக்குச் சரியென்று படுகிற எழுத்துக்கூட்டில் அவற்றை மாற்றினால், தேடுகிறவருக்கு நூல் கிடைக்காது. ஆய்விதழ் கேட்டது உங்கள் சொந்த வாக்கியங்களுக்கு மட்டும். அங்கே பழனி என்றே வையுங்கள். பட்டியலில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் நிற்கட்டும்.

கேட்காததையும் ஒன்று கேட்டுவிடுகிறேன். புல்வெளி என்கிறீர்களே, கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலைச் சேர்த்திருப்பீர்கள். எந்த ஆண்டு போட்டீர்கள்?

சோலைக்குருவி

கேம்பிள் 1935, சார். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். புற்களை அடையாளம் காண அதைத்தான் பயன்படுத்தினேன்.

பழைய நூலகர், ஊட்டி

நினைத்தேன். கேம்பிள் 1925-இலேயே காலமாகிவிட்டார். நூல் பாகம் பாகமாக 1915 முதல் 1936 வரை வந்தது. அவர் விட்ட இடத்திலிருந்து கடைசிப் பாகங்களை எழுதி முடித்தவர் ஃபிஷர். புற்கள் அவர் பங்கில்தான் வருகின்றன. நீங்கள் புரட்டிய பிரதியின் தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். 1957 மறுபதிப்பாக இருந்தால், மூல ஆண்டோடு அதையும் குறியுங்கள், பக்க எண் எந்தப் பதிப்புக்கு என்று தெரிய வேண்டும். இதை எந்த மென்பொருளும் உங்களுக்குச் சொல்லாது.

அப்புறம், தாவரப் பெயருக்குப் பின்னால் நீஸ், ஆண்டர்சன் என்று வருகிறதே, அது பெயரிட்டவரைக் குறிப்பது. தாவரப் பெயரிடல் பற்றிய ஆய்விதழ்கள் சில அவர்களையும் பட்டியலில் கேட்கும். உங்களுடைய கட்டுரைக்கு அவர்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்காது. திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தில் உலர்ந்த செடிகளை ஒட்டி வைத்திருக்கும் தாள்களைப் பார்த்திருந்தால் அவையும் பட்டியலுக்கு வராது, ஆய்வுமுறைப் பகுதியில் தாள் எண்ணோடு குறியுங்கள்.

சோலைக்குருவி

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். இங்கே கரண்ட்டும் சிக்னலும் சேர்ந்தே போய்விட்டன.

அறுந்த இடங்கள் ஒன்பதுதான் அண்ணா, பயந்த அளவு இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் பேட்டரி தீரும் முன் ஆறு, மறுநாள் காலையில் மூன்று. "கே" என்பவர் என் சீனியர் அக்கா ஒருவர். போனில் சொன்னதும், மற்ற கட்டுரைகளிலும் தன்னை இப்படித்தான் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று சிரித்தார். பல்னியையும் புல்னியையும் விட்டுவிட்டேன். என் வாக்கியங்களில் மட்டும் பழனி.

நூலகத்துப் பிரதியைப் புரட்டினேன், நீங்கள் சொன்னபடி 1957-தான் சார். புற்கள் பகுதியில் ஃபிஷர் பெயரும் இருக்கிறது. என் பட்டியலில் திருத்திவிட்டேன். கைடின் பழைய கட்டுரைகள் எல்லாவற்றிலும் கேம்பிள் 1935 என்றுதான் இருக்கிறது, நாளைக்கு அவர் கையெழுத்து வாங்கப் போகும்போது இதை எப்படி எடுத்துச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பழைய நூலகர், ஊட்டி

தலைப்புப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள், படத்தை மட்டும் காட்டுங்கள்.