ஜேனட் ஜாக்சனைத் தூக்கி நிறுத்தியது பாட்டா, வீடியோவா?

சுருதிப்பெட்டி:
பாட்டு வீடியோக்களை ஒளிபரப்பிய எம்டிவி சேனல் 1981இல் தொடங்காமல் போயிருந்தால், அமெரிக்கப் பாடகி ஜேனட் ஜாக்சன் 'மைக்கேல் ஜாக்சனின் தங்கை' என்பதோடு நின்றிருப்பார் என்பது என் கருத்து. குரல் மெல்லியது. விட்னி ஹூஸ்டன் பாடினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். ஜேனட் பாட்டுக்குக் கண்ணும் வேண்டும். ஜிம்மி ஜாமும் டெர்ரி லூயிஸும் இசை அமைத்துக் கொடுத்தார்கள், ஆட்டம் சொல்லித்தர ஆள் இருந்தது, மிச்சத்தை கேமரா பார்த்துக்கொண்டது.

பழைய_கேசட்:
1982, 1984 இரண்டு வருடமும் ஜேனட் ஆல்பம் வந்ததே, அது ஏன் ஓடவில்லை? அண்ணனின் 'த்ரில்லர்' ஆல்பம் உலகத்தையே ஆட்டிவைத்த காலம் அது. எம்டிவியும் இருந்தது. குடும்பப் பெயரும் டிவியும் போதும் என்றால் அப்போதே ஜெயித்திருக்க வேண்டும்.

ஜெயித்தது 1986இல், 'கன்ட்ரோல்' ஆல்பத்தில். அப்பாவை மேலாளர் பொறுப்பிலிருந்து விலக்கிவிட்டு மினியாபொலிஸ் போனார். ஜாமும் லூயிஸும் முதலில் அவரைப் பேசவிட்டுக் கேட்டார்கள். அந்தப் பேச்சுதான் பாட்டானது. 'நாஸ்டி'யில் வரும் கோபம் யாரோ எழுதிக் கொடுத்து வாய் அசைத்த கோபம் இல்லை. 1990இல் முதலிடம் பிடித்த 'பிளாக் கேட்', வரியும் மெட்டும் முழுக்க ஜேனட்டே எழுதியது. இதையும் கேமரா கணக்கில் எழுதுவீர்களா?

சுருதிப்பெட்டி:
எழுதத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'ரிதம் நேஷன்' என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? கறுப்புச் சீருடை, பாழடைந்த ஆலை, கறுப்பு வெள்ளையில் வரிசையாக ஆடும் கூட்டம். மெட்டு அதற்கு அப்புறம்தான். மேடையிலும் பதிவு செய்த குரல் துணைக்கு ஓடுகிறது என்ற விமர்சனம் அப்போதே இருந்தது.

சதங்கை_88:
நான் நடனம் கற்றவள். எனக்கு இந்தக் கேள்வியே சரியாகப் படவில்லை. 'பாட்டா, வீடியோவா' என்று ஏன் பிரிக்க வேண்டும்? 'ரிதம் நேஷன்' பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோனின் பழைய கிட்டார் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது, அதன் மேல் இயந்திரத் தாளம். அசைவு வெட்டி நிற்க வேண்டிய இடம் தாளத்திலேயே இருக்கிறது. ஆட்டம் மேலே பூசியது இல்லை, பாட்டின் உள்ளேயே இருக்கிறது.

'த பிளஷர் பிரின்சிபிள்' வீடியோவையும் பாருங்கள். பின்னால் ஆடக் கூட்டமே கிடையாது. காலியான ஒரு மாடி, ஒரு நாற்காலி, கண்ணாடி, ஜீன்ஸ், முழங்காலில் பட்டை. தனி ஆளாக முழுப் பாட்டையும் தாங்குகிறார். நாற்காலியின் மேல் ஏறிச் சாய்த்து இறங்கும் இடத்தில் தாளம் இம்மியும் பிசகவில்லை. அந்த உடம்புக் கட்டுப்பாட்டைக் கேமராவால் கொடுக்க முடியாது. ஆடும் பெண்ணின் உழைப்பை மட்டும் ஏன் எப்போதும் 'பகட்டு' என்று ஒதுக்குகிறோம்? எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பழைய_கேசட்:
சதங்கை சொன்ன அந்த வீடியோவே சுருதிப்பெட்டிக்குப் பதில். அவ்வளவு புகழ்பெற்ற வீடியோ, ஆனால் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் 14ஆம் இடத்தைத் தாண்டவில்லை. மாறாக 1993இல் 'தட்ஸ் த வே லவ் கோஸ்' 8 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதன் வீடியோவில் பெரிய நடனமே இல்லை. நண்பர்கள் கூடி உட்கார்ந்து புதுப் பாட்டைப் போட்டுக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். வீடியோதான் விற்றது என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

சுருதிப்பெட்டி:
இந்தக் கணக்கு வலுவானதுதான், மறுக்கவில்லை. ஆனால் 1993க்குள் எம்டிவி அவரை நட்சத்திரமாக்கி முடித்துவிட்டது. அந்தப் பெயர் அந்தப் பாட்டையும் சுமந்தது. டிவி கைவிட்ட பிறகு என்ன நடந்தது என்று பார்ப்போமா? 2004க்குப் பிறகு?

மாடிவீட்டு_ரேடியோ:
2004ஐ எடுத்ததால் உள்ளே வருகிறேன். பிப்ரவரி 1, ஹூஸ்டன் நகரம், அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளை நிகழ்ச்சி. கூடப் பாடிய ஜஸ்டின் டிம்பர்லேக் இழுத்ததில் ஜேனட்டின் மேலாடை கிழிந்து, நேரலையில் மார்பு தெரிந்துவிட்டது. நிகழ்ச்சியைத் தயாரித்தது எம்டிவி, ஒளிபரப்பியது சிபிஎஸ் டிவி. அடுத்த வாரம் கிராமி மேடையில் டிம்பர்லேக் விருது வாங்கினார், ஜேனட் அங்கே இல்லை. சிபிஎஸ்ஸுக்குப் போட்ட 5,50,000 டாலர் அபராதத்தைப் பிற்பாடு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஜேனட் இழந்ததை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? 2001இல் 'ஆல் ஃபார் யூ' 7 வாரம் முதலிடம். 2004 ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டுகூட முதல் 40க்குள் வரவில்லை. மூன்றே வருடத்தில் திறமை வற்றிவிடுமா?

சுருதிப்பெட்டி:
அவருக்கு நடந்தது அநியாயம். டிம்பர்லேக் ஜேனட்டிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்க 2021 ஆனது. அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனாலும் அந்த 2004 ஆல்பத்தில் அவருடைய பழைய 'எஸ்கபேட்' போல ஒரு பாட்டு இல்லை. பியான்சே போன்ற அடுத்த தலைமுறையும் வந்துவிட்டது.

மாடிவீட்டு_ரேடியோ:
அந்த ஆல்பம் முதல் வாரத்தில் 2ஆம் இடத்தில் நுழைந்தது. கேட்க ஆள் இருந்தது, ஒலிபரப்பத்தான் மனம் இல்லை. வயதைக் காரணம் சொல்லாதீர்கள். அப்போது ஜேனட்டுக்கு 37. அடுத்த வருடமே 'ஹங் அப்' என்ற வெற்றிப் பாட்டைக் கொடுத்த மடோனாவுக்கு 47.

சதங்கை_88:
பியான்சேயின் நடன வரிசைகளில் 1989இன் அந்த 'ரிதம் நேஷன்' சீருடைக் கூட்டம் எனக்கு இன்றும் தெரிகிறது. அடுத்த தலைமுறை ஜேனட்டை ஓரங்கட்டியது என்று எப்படிச் சொல்வது, அவரைப் பார்த்துத்தானே ஆடக் கற்றார்கள்? சுருதிப்பெட்டி, 'லெட்ஸ் வெயிட் அவைல்' பாட்டை இன்று இரவு படம் இல்லாமல் கேட்டுவிட்டு வாருங்கள். குரலைப் பற்றி அப்புறம் பேசுவோம்.