ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை: சித்திக்கு வந்த நெஞ்சுவலி

சித்தப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சித்தி நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். வயது 64. சுகர் கிடையாது, பிரஷர் மட்டும் கொஞ்சம். “துக்கத்துல அப்படித்தான் அடைக்கும், சோடா குடு” என்றார்கள் பெரியவர்கள். நல்லவேளை, தம்பி அதைக் காதில் வாங்காமல் காரில் ஏற்றிவிட்டான்.

இசிஜியைப் பார்த்ததும் மாரடைப்பு என்றார்கள். இதயத்தசை அடிபட்டால் ரத்தத்தில் கசிகிற டிரோபோனினும் ஏறியிருந்தது. உடனே ஆஞ்சியோ. ஒரு குழாயிலும் அடைப்பு இல்லை! எக்கோ என்கிற இதய ஸ்கேனில்தான் விஷயம் பிடிபட்டது. டாக்டர் திரையில் விரல் வைத்துக் காட்டினார்: இடது கீழறையின் மேல்பாகம் நன்றாகச் சுருங்குகிறது, நுனிப்பக்கம் அசையாமல் உப்பி நிற்கிறது. தகோட்சுபோவாம். ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கிற பானையின் பெயர், அதே வடிவம். 1990 வாக்கில் ஜப்பானிய மருத்துவர்கள்தான் இதை முதலில் விவரித்தார்களாம்.

பெரிய துக்கமோ பயமோ தாக்கும்போது அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயத்துக்குப் போய் அதை வேகப்படுத்தும் பரிவு நரம்புகளின் முனையிலிருந்து அதே வகையான நார்அட்ரினலின் கொட்டுகிறது. இப்படி வந்தவர்களின் ரத்தத்தை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் சோதித்து 2005இல் எழுதினார்கள். மாரடைப்பு வந்தவர்களைவிட இவர்களிடம் இந்த ஹார்மோன்கள் மிக அதிகம். அந்த வேகத்தில் இதயத்தசை கொஞ்ச நாளைக்கு மரத்துப்போகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் பெரும்பாலும் வருகிறது.

மாத்திரைகளோடு அனுப்பினார்கள். அடுத்த மாதம் எடுத்த எக்கோவில் பம்பிங் பழையபடி ஆகிவிட்டது. உடனே சொந்தக்காரர்கள், “அப்போ ஒண்ணுமில்ல, மனக்கவலைதான்” என்று ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. முதல் சில நாட்களில் நுரையீரலில் நீர் கோத்து, துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். இது மாரடைப்பா, தகோட்சுபோவா என்று வீட்டில் உட்கார்ந்து யாரும் சொல்ல முடியாது.

*

எனக்கு நடப்பது இதற்கு நேரெதிர். லேப்பில் ஊசியைப் பார்த்தாலே போதும், காது அடைக்கும், நெற்றி வியர்க்கும், அப்புறம் தரையில் கிடப்பேன். இதயத்தைத் தட்டி எழுப்புகிற நரம்புகள் ஒரு பக்கம் என்றால், அடக்குகிற வேகஸ் நரம்பு இன்னொரு பக்கம். அது திடீரென்று அதிகமாக வேலை செய்தால் துடிப்பும் பிரஷரும் ஒன்றாக விழுந்துவிடும். காலைத் தூக்கிப் படுக்கவைத்தால் தெளிந்துவிடுகிறது. இப்போதெல்லாம் உள்ளே நுழையும்போதே, “படுத்துக்கிட்டுதான் ரத்தம் கொடுப்பேன்” என்று சொல்லிவிடுகிறேன். சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.